நான்கு மாலுக்குட்பட்ட கம்ப்ரசர்

வத்தலக்குண்டில் குடியிருந்துகொண்டு கார் ஏசி வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவனுக்கு ஊரில் அனுதாபம் கிடைக்காது. "இந்தா நிக்கிது மலை. ஏறிப் போனாக் குளிரு. இதுக்குப் போயி மெஷினு, கேஸு, செலவு!" என்பார்கள். சொல்கிறவர்களும் மலையேறிப் போகிறவர்கள் இல்லை. கொடைக்கானல் வெளியூர்க்காரர்களுக்காக ஏற்பட்ட இடம். சீசனில் அவர்கள் எங்கள் ஊரில் வண்டியை நிறுத்தி டீ குடித்து, ஈ-பாஸ் எடுத்தது யார், எடுக்காமல் விட்டது யார் என்று குடும்பத்துக்குள் ஒரு சுற்று சண்டை போட்டுவிட்டு மேலே போவார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அந்தப் பாஸ் வந்ததில் எங்களுக்கு ஒரு லாபம்: டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு காட்சி கிடைத்தது.

குளிரைத் தேடி எங்கள் பக்கம் வருவது பழைய வழக்கம். மதுரையில் வெயிலும் காய்ச்சலும் தாங்காத அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் 1845-லேயே மலைமேல் இரண்டு வீடு கட்டிக்கொண்டார்கள். அப்போது பெரியகுளம் பக்கத்து அடிவாரம் வரை மாட்டுவண்டி, அதற்கு மேல் டோலி. துரையையும் துரைசானியையும் சுமந்துகொண்டு கூலிகள் வியர்த்து ஏற, உள்ளே இருப்பவர்களுக்குக் குளிர்ந்துகொண்டே வரும். 1914-ல் எங்கள் பக்கத்துக் காட் ரோடு மோட்டாருக்குத் திறந்த பிறகு வியர்ப்பது இன்ஜினின் பொறுப்பாயிற்று.

என் காருக்கு இந்தச் சரித்திரத்தில் பங்கில்லை. அது போவதெல்லாம் கீழ்நோக்கித்தான். நிலக்கோட்டை, செம்பட்டி, திண்டுக்கல், முகூர்த்த நாளில் மதுரை. பங்குனி பிறந்துவிட்டால் இந்தத் திசைகளில் எங்கே போனாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

நான் பத்திர எழுத்தன். ராஜம் ஐயர் 1872-லும், சுப்பிரமணிய சிவா 1884-லும், பி.எஸ். ராமையா 1905-லும் பிறந்த ஊர் இது, சி.சு. செல்லப்பா வளர்ந்த ஊர். எழுத்துக்குப் பஞ்சமில்லாத மண். அந்த வரிசையில் கடைசியாக வந்த நான் எழுதிப் புகழ் பெற்றது, 'கிழமேல் ஜாதியடி 40, தென்வடல் ஜாதியடி 30, இதற்குட்பட்ட காலிமனை' என்கிற வகை இலக்கியம். நான் எழுதிய பத்திரத்தில் வில்லங்கம் வந்ததில்லை என்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அப்பேர்ப்பட்டவன் பழைய கார் வாங்கும்போது மட்டும், விற்ற திண்டுக்கல் பார்ட்டி "யாதொரு வில்லங்கமும் இல்ல சார்" என்று வாயால் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். என் பாஷையிலேயே பேசிவிட்டார் பாருங்கள், மயங்கிவிட்டேன்.

வில்லங்கம் கேஸ் ரூபத்தில் இருந்தது. சித்திரையில் ஏற்றிய கேஸ் ஆடிக்குள் காலி. காரில் கேஸ் ஏற்றுவது எங்கள் வீட்டில் குலதெய்வக் கும்பிடு மாதிரி வருஷா வருஷம் நடந்து வந்தது. போன வருஷம் மதுரையில் ஒரு கல்யாணம். பட்டுப் புடவை, தலை நிறைய நிலக்கோட்டை மல்லிகை, பின்சீட்டில் என் மாமியார். வண்டி நிலக்கோட்டையைத் தாண்டுவதற்குள் ஏசியிலிருந்து வந்த காற்று, வெளியே அடித்த காற்றைவிடச் சூடாக இருந்தது. மாமியார் பின்னாலிருந்து, "மாப்பிள்ளை, அந்த ஏசிய நிப்பாட்டுங்க, புழுங்குது" என்றார். அதற்கு மேல் ஒரு இயந்திரத்தை அவமதிக்க முடியாது.

என் மனைவி கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே மூலப்பத்திரம். "ஏங்க, நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் எங்கம்மா சீதனமா குடுத்தது. வந்த நாள்ல இருந்து ஒரு தடவகூட கேஸ் அடைக்கல. உங்க கார் மட்டும் ஏன் வருஷா வருஷம் வாயப் பொளக்குது?"

கேள்வியில் சீதனம் பற்றிய குத்தல் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. பெரியகுளம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் ஏசி மெக்கானிக் தம்பியிடம் போனபோது, என்னுடைய சந்தேகமாக அதைக் கேட்டேன். அவர் சிரித்தார். "மதினி கேட்டாங்களாண்ணே? சரியான கேள்வி."

ஃப்ரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புச் சட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். சட்டியைச் சுற்றிலும் வெல்டிங். வெளியே வருவது கரண்டு ஒயரும், பற்றவைத்த குழாயும்தான். கேஸ் போவதற்கு வழியே இல்லை. காரில் அப்படி முடியாது. கம்ப்ரசரைச் சுற்றுவது இன்ஜின். அதன் பெல்ட் வெளியே ஓடுகிறது. எனவே கம்ப்ரசரின் அச்சு உடம்பிலிருந்து வெளியே மூக்கை நீட்டியாக வேண்டும். நீட்டுகிற இடத்தில் ஒரு சீல். மோதிர அளவுள்ள அந்த உதடு, சுற்றுகிற அச்சைக் கவ்விக்கொண்டு உள்ளேயிருக்கும் கேஸை வெளியே விடாமல் காக்க வேண்டும். போதாததற்கு இன்ஜின் ஆடுகிற ஆட்டத்துக்கு இரும்புக் குழாய் தாங்காது என்று நடுவில் ரப்பர் குழாய் வேறு.

தம்பி கண்ணுக்கு மஞ்சள் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஊதா டார்ச்சை இன்ஜினுக்குள் அடித்தார். போன தடவை கேஸோடு சேர்த்து ஒரு சாயம் விட்டிருந்தாராம். கம்ப்ரசரின் மூக்கில், கிளட்ச் தட்டுக்குப் பின்னால், பச்சையாக ஒரு வட்டம் ஒளிர்ந்தது. டார்ச்சை அணைத்ததும் அதே இடத்தில் எண்ணெயில் குழைந்த கறுப்பு மண். பானெட்டின் உட்புறத்தில், கிளட்ச் சுற்றுகிற நேர்கோட்டில், விசிறியடித்த எண்ணெய்ப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. கேஸ் தனியாகப் போகாது. எண்ணெயையும் கூட்டிக்கொண்டுதான் போகும். எண்ணெய் தெரிகிற இடம்தான் கசிகிற இடம்.

"ஏசிய ரொம்ப நாள் போடாமலே வெச்சிருந்தீங்களாண்ணே? அப்பப்ப ஓடுனாத்தான் சீலுக்கு எண்ணெ போகும். இல்லேனா காஞ்சிரும். மார்கழியிலகூட வாரத்துக்கு ஒரு பத்து நிமிஷம் போடணும்."

பெட்ரோல் செலவைக் கருதி நான் ஏசியைப் பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பவன் என்பதை கூட வந்திருந்த என் மனைவி அங்கேயே வாக்குமூலமாகக் கொடுத்தாள். நான் ஆட்சேபணை தெரிவித்தேன். பதிவாகவில்லை.

சீலை மட்டும் மாற்றலாம். ஆனால் அச்சிலேயே கோடு விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. கம்ப்ரசரையே மாற்றிவிடுவது நல்லது. கூடவே ட்ரையர், ஓ-ரிங், கேஸ், லேபர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கூட்டுத்தொகை ஐந்து இலக்கத்தில் இருந்தது. நான் மற்ற வரிகளையெல்லாம் பெருந்தன்மையாக விட்டுவிட்டு 'லேபர்' என்ற வரியை மட்டும் பிடித்துக்கொண்டேன். இது தொழில் வழியாக வந்த குணம். மனை வாங்க இருபது லட்சம் எண்ணி வைக்கிறவர் என்னிடம் வந்து, "நாலு பக்கம் எழுதுறதுக்கு இவ்வளவா?" என்று என் எழுத்துக்கூலியில்தான் பேரம் பேசுவார். வாழ்நாள் முழுக்க வாங்கியதை ஒரு நாளாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

"நாலு போல்ட், ரெண்டு பைப். நானே வீட்ல வெச்சுக் கழட்டி மாட்டிக்கிறேன் தம்பி" என்றேன். வீடியோக்களில் பார்த்திருந்தேன். எல்லா வீடியோவிலும் ஒரு வெள்ளைக்காரர், எங்கள் வீட்டுக் கூடத்தைவிடச் சுத்தமான ஒரு கார் ஷெட்டில், நகத்தில் அழுக்கு படாமல் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்.

தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கேஸ நான்தாண்ணே எடுப்பேன்" என்றார்.

இதுதான் முதல் முட்டுக்கட்டை. வீட்டில் செய்யும் வேலையின் முதல் படியே வீட்டில் நடக்கக் கூடாது. பைப்பைக் கழற்றினால் உள்ளே இருப்பது சீறிக்கொண்டு வரும். ஆர்-134ஏ என்ற அந்தக் கேஸ் கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில். திரவமாகக் கையில் பட்டால் தோல் அங்கேயே உறைந்துபோகும். மார்கழி, தையில் கொடைக்கானல் ஏரிக்கரைப் புல்லில் விழுகிற உறைபனியைப் படம் பிடிக்க ஆள் கூடுகிறது. அதெல்லாம் இதற்கு முன்னால் வெதுவெதுப்பு. அதோடு, இது வானத்துக்குப் போனாலும் கெடுதல். முன்பிருந்த ஆர்-12 ஓசோனைத் தின்றது என்று 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு ஒழித்தார்கள். வாரிசாக வந்த 134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ 134ஏ, 1430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று கணக்கு. அதனால் இதையும் படிப்படியாகக் குறைக்க 2016-ல் கிகாலியில் ஒப்பந்தம். இந்தியா 2021-ல் ஏற்றது. என் காரின் மூக்கு வழியாக இத்தனை வருஷம் எவ்வளவு போயிருக்கும் என்று பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பெருக்க ஆரம்பித்தாள். படிக்கிற பிள்ளைக்கு வேறு வேலை இல்லையா என்று அதட்டி நிறுத்தினேன்.

ஆக, ஷெட்டில் மிச்சக் கேஸைத் தம்பி சிலிண்டருக்குள் வாங்கிக்கொள்ள, ஏசி அற்ற காராக அதை வீட்டுக்கு ஓட்டி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ராகுகாலத்துக்கு இன்னும் நெடுநேரம் இருக்கையில், வண்டியை வாசலில் கிழக்குப் பார்த்து நிறுத்தினேன். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது என்பதால் இரும்பு ஸ்டாண்டு இரண்டை இரவல் வாங்கி முட்டுக் கொடுத்தேன். மனைவி காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டியாச்சுல்ல?" என்றாள். காருக்கா எனக்கா என்று விளக்கவில்லை.

கம்ப்ரசர் எங்கே இருக்கிறது என்று தெருவில் கூடியவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த முறையில் சொன்னேன்: கண்டன்சருக்கு மேற்கு, இன்ஜின் பிளாக்குக்குக் கிழக்கு, ஆல்டர்னேட்டருக்குக் கீழ், அடித்தகட்டுக்கு மேல், இந்த நான்கு மாலுக்குட்பட்ட, தேங்காய் பருமனுள்ள அலுமினிய உருப்படி ஒன்று. எதிர்வீட்டு அண்ணன் அரசு பஸ்ஸில் கொடைக்கானல் ரூட் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஈஸிசேரைத் தன் வாசலிலிருந்து என் வாசலுக்கு இடம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். "போக வர பாதை இருக்கா அதுக்கு?" என்றார்.

அதுதான் இல்லை. பாத்தியதை இருக்கிறது, பாதை இல்லை. பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றியதும் மூன்று போல்ட்டுகள் மரியாதையாக வந்துவிட்டன. நான்காவது, கம்ப்ரசரின் முதுகுக்குப் பின்னால். மேலேயிருந்து பார்த்தால் தெரியும், கை போகாது. கீழேயிருந்து கை போகும், ஒன்றும் தெரியாது. நான் கீழே படுத்து, பார்வையற்ற விசுவாசத்தோடு ஸ்பானரைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் மேலேயிருந்து காட் ரோட்டு இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏறுன கியர்லதான் இறங்கணும். டம்டம் பாறை வளைவுல வண்டிய நிப்பாட்டி எலிவால் அருவியப் பாக்கிறவன் மேலதான் மொதல்ல கேஸ் போடணும். மேட்டுல ஏசி ஆகாது. இன்ஜின் இழுக்கிற இழுப்புல அதுவும் ஒரு வாய் திங்கும். கடைசியாகச் சொன்னது உண்மைதான். கம்ப்ரசர் இன்ஜினிடம் கடன் வாங்கிச் சாப்பிடுகிற ஆள். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால், இப்போதைய வண்டிகள் தாமாகவே கொஞ்ச நேரம் கிளட்சை விட்டுவிடுகின்றன.

காரில் ஏசியை முதலில் வைத்து விற்ற அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனிக்கு அந்த வசதியும் கிடையாது. அவர்களுடைய 1940-ஆம் வருஷத்து மாடலில் கம்ப்ரசருக்குக் கிளட்சே இல்லை. ஏசி வேண்டாம் என்றால் டிரைவர் இன்ஜினை நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றிப் போட வேண்டும். குளிர்விக்கும் சாமான்கள் டிக்கியை அடைத்துக்கொண்டிருக்கும். அடுத்த வருஷத்தோடு அந்த ஏசிக் கடையைக் கட்டிவிட்டார்கள். பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதை நான் சபைக்கு எடுத்துச் சொன்னேன். "அந்த நாலாவது போல்ட்டு என்னாச்சு?" என்றார் அண்ணன்.

நாலாவது போல்ட்டை என் மகள்தான் எடுத்தாள். அவள் கை சிறியது. பக்கவாட்டில், ரேடியேட்டர் விசிறிக்கு அருகே ஒரு சந்து இருந்திருக்கிறது. அதன் வழியே எக்ஸ்டென்ஷன் மாட்டிய பாக்ஸ் ஸ்பானரை விட்டுத் திருகிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு டியூஷனுக்குப் போய்விட்டாள். கூட்டத்தில் கொஞ்சம் கைதட்டல் கேட்டது. நான் வண்டிக்கு அடியிலேயே இருந்துவிட்டேன், அங்கே வெயில் குறைவு என்பதால்.

பைப்புகள் இரண்டு. பருத்தது, குளிர்ந்த கேஸ் திரும்பி வருவது. மெலிந்தது, அழுத்திச் சூடேற்றிய கேஸ் போவது. கழற்றிய நொடியே வாயை மூடிவிட வேண்டும் என்று தம்பி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உள்ளே ஓடும் எண்ணெய்க்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவம். ஈரம் உள்ளே போனால் கேஸோடு சேர்ந்து அமிலமாகும், எக்ஸ்பான்ஷன் வால்வின் நூல் துவாரத்தில் பனிக்கட்டியாக நின்று அடைக்கும். கழுவிக் காயவைத்திருந்த பால் கவரையும் ரப்பர் பேண்டையும் வைத்து இரண்டு வாயையும் கட்டினேன். இந்த ஒரு காரியத்தில் என் கைத்திறமையை யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்தது எண்ணெய்க் கணக்கு. புதுக் கம்ப்ரசர் எண்ணெயோடுதான் வரும்; ஆனால் முழு ஏசிக்கும் வேண்டிய எண்ணெய் அதில் இருக்கும். பழைய எண்ணெயில் ஒரு பங்கு ஏற்கனவே கண்டன்சரிலும் கூலிங் காயிலிலும் தங்கியிருக்கிறது. அப்படியே மாட்டினால் எண்ணெய் அதிகமாகி குளிர் குறையும். எனவே பழையதைக் கவிழ்த்து அளந்து, புதியதிலும் ஏறக்குறைய அவ்வளவே விட்டு, ட்ரையர் மாற்றுவதற்கும் கசிந்ததற்குமாக ஒரு சொட்டுச் சேர்க்க வேண்டும். அளவுக் குடுவைக்கு எங்கே போவது? அலமாரியில் இருமல் மருந்து மூடி இருந்தது. 5 மில்லி, 10 மில்லி என்று கோடு போட்டது. பழைய கம்ப்ரசரை வெள்ளைப் பீங்கான் தட்டின் மேல் சாய்த்துப் பிடித்து, கிளட்சைக் கையால் மெல்லச் சுற்றச் சுற்ற, எண்ணெய் மஞ்சளும் பச்சையுமாக இழை இழையாக இறங்கியது. தட்டை வெயிலில் அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தேன். இரும்புத் தூள் மினுங்கினால் கம்ப்ரசர் உள்ளுக்குள்ளேயே தேய்ந்து எல்லாக் குழாயிலும் பொடியைத் தூவிவிட்டது என்று பொருள்; செலவு இரட்டிப்பு. மினுங்கவில்லை. மூடி மூடியாக அளந்து, நுனி விரலில் ஒட்டியதைக்கூட விளிம்பில் வழித்து விட்டேன். அன்று இரவு மாமியாருக்கு இருமல் வந்ததும், மருந்தை அவர் ஸ்பூனில் குடிக்க நேர்ந்ததும் வேறு கதை.

மாமியார் பங்கு அதோடு முடியவில்லை. புது ஓ-ரிங்குகளை எண்ணெயில் தொட்டு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தேன். பச்சை நிறத்தில், சுண்டுவிரல் நுழைகிற அளவில் இருக்கும். திரும்பிப் பார்த்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. "அத்தே, இதுல பச்சையா வளையம் இருந்துச்சே?"

"தண்ணி பாட்டில் மூடிக்கு வாஷரா ஆகும்னு எடுத்து வெச்சேன் மாப்பிள்ளை. நல்லா இறுக்கமா இருக்கு. சொட்டுக்கூட ஒழுகல."

உலகத்தில் ஓ-ரிங்குக்கு இதைவிட நல்ல நற்சான்று கிடைக்காது. பாட்டிலிலிருந்து மீட்டு, துடைத்து, மறுபடி எண்ணெய் தொட்டு மாட்டினேன். கம்ப்ரசரை ஏற்றிய பிறகு, பெல்ட் போடும் முன் கிளட்சைக் கையால் ஒரு பத்துச் சுற்றுச் சுற்றிவிட வேண்டும். தங்கிய எண்ணெய் ஓரிடத்தில் திரண்டு நின்று முதல் உதையிலேயே வால்வை உடைத்துவிடாமல் இருக்க. நான் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மாமியார் மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டார்: "போற வழியெல்லாம் இப்பிடிக் கையாலயே சுத்தணுமாடி?"

சாயங்காலம் தம்பி ஒரு எக்ஸ்எல் வண்டியில் வேக்கம் பம்ப், கேஜ், சிலிண்டர் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். என் வேலையை டார்ச் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பானர் வைத்துத் தொட்டார். ஒன்று மட்டும் கால் சுற்றுத் திரும்பியது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் வானத்தைப் பார்த்தேன்.

பம்பை மாட்டி ஓடவிட்டதும் அரை மணி நேரத்துக்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. காற்றை உறிஞ்சுவதற்கு இவ்வளவு நேரமா என்று மனைவி கேட்டாள். காற்று சீக்கிரம் போய்விடும். போகாமல் உட்கார்ந்திருப்பது ஈரம். அதை விரட்டத்தான் இந்த நேரம். எப்படி என்று விளக்க எனக்கு ஒரு வாய்ப்பு. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடு பருப்புக்குப் போதாது. அழுத்தத்தை இன்னும் இன்னும் குறைத்துக்கொண்டே போனால் தண்ணீர் அடுப்பே இல்லாமல், வத்தலக்குண்டு வாசல் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் குழாய்க்குள் அதைத்தான் செய்கிறது. ஈரம் கொதித்து வெளியேறுகிறது.

"அப்ப பெரியம்மா வீட்டுக்கும் மேல ஒரு ஒசரத்துக்குக் குழாயத் தூக்கிட்டுப் போயிருக்கு இந்த மிஷினு" என்றாள் மனைவி. நான் பேசிய கால் மணி நேரத்தை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

பிறகு வால்வை மூடி, பம்பை நிறுத்தி, கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கள் ஊர் உயரத்துக்கு முள் முப்பதைத் தொடாது, கொஞ்சம் முன்னாலேயே நிற்கும். நின்ற இடத்தில் நிற்க வேண்டும், நகர்ந்தால் எங்கோ கசிவு. அண்ணனும், அவர் பேரனும், பூக்கடைக்காரரும், நானும், தம்பியும் அந்த முள்ளையே பார்த்தோம். தேர்தல் முடிவுக்குக்கூட இந்தத் தெரு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. முள் அசையவில்லை.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். வண்டி நிற்கும்போது கேஜைப் பார்த்துப் புண்ணியமில்லை. 30 டிகிரி வெயிலில் மூடிய குழாய்க்குள் கொஞ்சம் திரவம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் முள் காட்டுவது தொண்ணூற்றுச் சொச்சம் பவுண்டுதான். சரியான அளவு பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் கிராமில் அச்சாகியிருக்கும். தம்பியின் தராசு அன்று பேட்டரி இல்லாமல் படுத்துவிட்டது. பூக்கடைக்காரர் தம் கடையிலிருந்து மல்லிகை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசைக் கொண்டுவந்தார். சிலிண்டரை அதன் மேல் நிற்கவைத்து, எடை குறையக் குறைய அவரே சத்தமாக வாசித்தார். பழக்க தோஷத்தில் கடைசியில், "இன்னும் அஞ்சு கிராம் கொசுறு போடட்டுமா?" என்றார். கேஸில் கொசுறு கூடாது. கூடினால் அழுத்தம் ஏறிக் குளிர் குறையும். முகூர்த்த நாள் மல்லிகையைவிட இந்தக் கேஸ் மலிவு என்று தெரிந்ததும் அவர் சிலிண்டரைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்.

இன்ஜின் ஓடியது. பட்டனை அமுக்கியதும் 'டக்' என்று கிளட்ச் கவ்வியது. பருத்த பைப்பின் மேல் முதலில் மூச்சு பட்ட மங்கல், பிறகு பொடிப்பொடியாக வியர்வை. உள்ளே வருகிற காற்று எத்தனை டிகிரி என்று பார்க்க மாமியார் காய்ச்சல் தெர்மாமீட்டரை நீட்டினார். அது 'லோ' என்று காட்டியது. அதன் கீழ்வரம்புக்கும் கீழே போய்விட்டதாம். "காய்ச்சல் எறங்கிருச்சு" என்று அவர் மதுரைக்குப் போன் போட்டுச் சொன்னார். யாருக்கு என்று சொல்லாததால் அன்று இரவு நான்கு பேர் நலம் விசாரித்தார்கள்.

கணக்கு எழுதியது மனைவி. கேஸ் எடுக்க, வேக்கம் போட, கேஸ் ஏற்ற, வீட்டுக்கு வந்து போக என்று தம்பிக்குக் கொடுத்தது. நான் இந்த வேலைக்கென்று வாங்கிய ஸ்பானர் செட், ஊதா டார்ச், மஞ்சள் கண்ணாடி. பார்வையாளர்களுக்கு டீ, வடை. எதிர்ப்பக்கத்தில் மிச்சமான லேபர். இரண்டு பக்கமும் ஏறத்தாழ நேராகிவிட்டது என்று சொல்லி என்னைக் காப்பாற்ற அவள் முயன்றது தெரிந்தது. வடைக் கணக்கைக் குறைத்து எழுதியிருந்தாள். புதுக் கம்ப்ரசரின் பில்லின் பின்பக்கம், தகுதியுள்ள மெக்கானிக் மாட்டினால்தான் வாரண்டி என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தை எழுதிப் பிழைக்கிறவன் நான். மற்றவர்கள் எழுதியதைப் படிக்கும் வழக்கம் இல்லை.

ஏசியைச் சோதித்துப் பார்க்க எங்கே போவது என்று கேட்டேன். "கொடைக்கானல் போவோம், பெரியம்மாவப் பாத்து நாளாச்சு" என்றார் மாமியார். குளிர்மெஷினைச் சோதிக்கக் குளிர்மலைக்குப் போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். மேட்டில் அண்ணன் சொன்ன இலக்கணப்படி அணைத்து வைத்துக்கொண்டு ஏறினோம். பெருமாள்மலை தாண்டியதும் மழையும் மேகமும் சேர்ந்து இறங்கின. எல்லோர் மூச்சும் பட்டு முன்கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிட்டது. துணியால் துடைத்தால் அடுத்த வளைவுக்குள் திரும்ப வெளுக்கிறது. ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். கூலிங் காயில் காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்துவிட்டு உலர்ந்த காற்றை அனுப்ப, கீழ் விளிம்பிலிருந்து கண்ணாடி தெளிந்துகொண்டே மேலே வந்தது. பாதை தெரிந்தது. பின்சீட்டில் மாமியார் சால்வைக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு, பல் கிட்டிக்க, "மலைக்கு வந்தும் ஏசியா மாப்பிள்ளை? சிக்கனமே கெடையாது உங்களுக்கு" என்றார். என் வாழ்க்கையில் அந்தக் குற்றச்சாட்டை யாரும் என் மேல் சுமத்தியதில்லை. எழுதி வாங்கி வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

பழைய கம்ப்ரசர் சில நாள் திண்ணையில் இருந்தது. போகிறவர் வருகிறவருக்கு நாலாவது போல்ட்டின் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன், எடுத்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு. ஒரு நாள் பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். உடம்பு அலுமினியம், கிளட்சுக்குள் செம்புக் காயில் என்று அவரே தட்டிப் பார்த்துச் சொல்லி எடை போட்டார். மனைவி பேரம் பேசினாள். ஆனால் காசாகத் தர அவரிடம் சில்லறை இல்லை, பேரீச்சம்பழம்தான் இருந்தது. ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கம்ப்ரசரைக் கொடுத்துவிட்டோம். நான் இரண்டு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு மூன்றாவதற்குக் கை நீட்டியபோது மாமியார் பொட்டலத்தை நகர்த்தி வைத்தார்.

"பாத்துத் தின்னுங்க மாப்பிள்ளை, பேரீச்சம்பழம் சூடு."